விருந்துக்கு முன் போட்ட ஊசி

பந்தியில் மற்றவர்கள் கறிக்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே செந்தூர்பாண்டி எழுந்துவிட்டார். அவருடைய இலையில் சோறு குவித்தபடியே இருந்தது. சுக்காவைத் தொடவில்லை. முட்டை முழுசாகக் கிடந்தது. கருப்பட்டி மிட்டாயில் மட்டும் ஒரு கடி.

வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பரிமாறிக்கொண்டிருந்த சோலையம்மாளை இடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று அவர் வாந்தி எடுத்த சத்தம், கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

அது சாத்தூரில் தனுஷ்கோடியின் வீடு. சோலையம்மாள் அவருடைய மனைவி. தனுஷ்கோடிக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. செந்தூர்பாண்டிக்குச் சிவகாசியில் அச்சகம். தனுஷ்கோடியின் மகன் மணிகண்டராஜுக்குச் செந்தூர்பாண்டியின் மகள் பிரீத்திகாவைப் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பேச்சு முடியும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கமாட்டார்கள். பேச்சு முடிந்த பிறகு முதன்முதலாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. இலையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தால், வாயால் சொல்ல முடியாததை இலையால் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் பேசியது தனுஷ்கோடியின் அக்காள் பஞ்சம்மாள்.

"ஏலே தனுஷ்கோடி, பாத்தியா. உன் வீட்டுச் சோறு அவுகளுக்குத் தொண்டைக்குக் கீழ எறங்க மாட்டேங்குது."

"அக்கா, நீ சும்மா இரு."

"நான் எதுக்குலே சும்மா இருக்கணும். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போகட்டும். இங்கன வந்து உக்காந்து, நம்ம உப்ப வாயில வச்சுப் பாத்துட்டு, கொல்லையில போயி துப்புறதுக்கு என்ன அர்த்தம்? மருந்து கிருந்து வச்சிருப்போம்னு பயந்துட்டாரோ என்னவோ."

பந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளை வசப்படுத்துவார்கள் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அப்படிக் கலந்ததை வாந்தி எடுத்துத்தான் வெளியேற்ற வேண்டும் என்பார்கள். சமைத்தவளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. சோலையம்மாள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். விடிவதற்கு முன்பே எழுந்து மசாலாவைத் தன் கையால் அரைத்து வைத்தவள் அவள்.

செந்தூர்பாண்டி முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். வேட்டியில் ஈரம் திட்டுத்திட்டாக இருந்தது.

"கொஞ்சம் சேரல," என்றார்.

"எது சேரல?" என்று கேட்டார் தனுஷ்கோடி.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். செந்தூர்பாண்டி வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். "வெயில்ல வந்தது," என்றார்.

தீபாவளி முடிந்த ஐப்பசிக் கடைசி அது. காலையிலிருந்து மழை மேகம் மூடிக் கிடந்தது. தனுஷ்கோடி ஜன்னல் வழியாக வானத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு, "இலைய எடுங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். சம்பந்தி என்றோ, மச்சான் என்றோ அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

காரில் ஏறிய பிறகும் செந்தூர்பாண்டி இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓட்டுநர் செல்வக்குமார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, கேட்காதது போல் தள்ளிப் போய் நின்றுகொண்டான். செந்தூர்பாண்டியின் மனைவி பாண்டிலட்சுமி அவன் தள்ளிப் போகும்வரை காத்திருந்தாள்.

"காலையில குளியலறைக் கதவச் சாத்திக்கிட்டு என்ன செஞ்சீக?" என்றாள்.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"ஊசி போட்டீகளா?"

"ம்."

"வெள்ளிக்கிழமைதான போட்டீக. வாரத்துக்கு ஒண்ணுதான?"

"அடுத்த வாரத்துக்கு உள்ளதையும் சேத்துப் போட்டேன்."

"எதுக்கு?"

"விருந்துல இனிப்பு வைப்பாக. கறி வைப்பாக. வேண்டாம்னு சொன்னா மொகம் கோணும். எல்லாத்தையும் நல்லாச் சாப்பிடணும்ல. சர்க்கரை ஏறாம இருக்கட்டுமேன்னு போட்டேன்."

பாண்டிலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

செந்தூர்பாண்டிக்குச் சர்க்கரை நோய் வந்து வெகு காலம் ஆகிறது. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது ஒரு மாத்திரையைக் கூடப் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டு பாயசம், ஜாங்கிரி எல்லாவற்றையும் ஒரு கை பார்ப்பார். காலண்டர் வியாபாரத்தில் அவரோடு சுற்றுகிற சிநேகிதர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்து, தானும் யாருக்கும் தெரியாமல் செய்ததுதான். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் வார ஊசிக்கு மாற்றினார். மாத்திரைக்குச் செய்ததையே ஊசிக்கும் செய்தார் செந்தூர்பாண்டி.

அவருக்குச் சர்க்கரை இருப்பது மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். சிவகாசியில் இல்லாத டாக்டரா? ஆனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று விருதுநகருக்குப் போய்தான் வைத்தியம் பார்த்தார். ஊசி என்று தெரிந்தால், சிறுநீரகம் போய்விட்டது என்று ஊரே முடிவுகட்டிவிடும். அப்பனுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள். பெண் கேட்டு வந்தபோது சோலையம்மாள் மெதுவாக விசாரித்தாள். "ஒண்ணும் இல்ல தங்கச்சி. கல்லத் தின்னாலும் செரிக்கும்," என்று அவர் சொல்லியிருந்தார்.

கார் சிவகாசிக்குப் போகவில்லை. நேராக விருதுநகருக்குப் போனது.

அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ரீனா, அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாதா கோவிலுக்குப் போய்விட்டு, வெள்ளைச் சேலையோடேயே மருத்துவமனைக்கு வந்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"இல்ல டாக்டர், விருந்து..."

"விருந்து இருக்கான்னு போன வாரம் கேட்டேனா இல்லையா? இல்லன்னு சொன்னீங்க. என்கிட்டயும் பொய். படுங்க."

சலைன் பாட்டிலை மாட்டச் சொன்னார். நரம்பு கிடைக்கவில்லை. உடம்பில் அவ்வளவு தண்ணீர் வற்றியிருந்தது. மூன்றாவது குத்தில்தான் ஏறியது.

"மாத்திரை மாதிரி இதையும் நெனச்சிட்டீங்க," என்றார் டாக்டர். குரலில் கொஞ்சமும் இளக்கம் இல்லை. "கேட்டுக்கோங்க. நீங்க சாப்பிடுற சாப்பாடு சிறுகுடலுக்கு வந்த உடனே, குடலே ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது ரத்தத்துல போய் கணையத்துக்கிட்ட, சர்க்கரை வருது, இன்சுலின விடுன்னு சொல்லும். இரைப்பைக்கிட்ட, கொஞ்சம் கொஞ்சமா அனுப்புன்னு சொல்லும். மூளைகிட்ட, போதும்னு சொல்லும். சொல்லிட்டுக் கொஞ்ச நேரத்துல கரைஞ்சு போயிரும். எல்லாருக்கும் ஒவ்வொரு வேளையும் நடக்குறதுதான் இது. உங்க உடம்புல அந்தச் சொல்லு சரியா எடுபடல. அதனால அதே மாதிரி, ஆனா ஒரு வாரம் கரையாம நிக்கிற மாதிரி செஞ்ச மருந்த ஊசியில குடுக்கிறோம்."

"அப்ப ரெண்டு போட்டா..."

"ரெண்டு போட்டா, ரெண்டு மடங்கு போதும் போதும்னு சொல்லும். இரைப்பை கதவச் சாத்திக்கும். சாத்தின கதவு மேல கறியும் கொழுப்பும் கொண்டுபோய் அடுக்குனா அது எங்க போகும்? வந்த வழியாத்தான் வரும். சாப்பிடணும்னு ஊசி போட்ட மொத ஆளு நீங்கதான். மத்தவங்க சாப்பாட்டக் குறைக்கத்தான் இதப் போடுறாங்க."

பாண்டிலட்சுமிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். செந்தூர்பாண்டி அவளை முறைத்தார்.

"இது ஒரு நாள்ல போகாது," என்றார் டாக்டர். "வாரம் பூரா கொமட்டும். உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. யாராவது இன்னும் கொஞ்சம்னு வற்புறுத்தினா வேண்டாம்னு சொல்லப் பழகுங்க."

போதும் என்று சொல்லும் ஒன்றை ஆண்டவன் மனிதனின் குடலுக்குள் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். நாக்குக்கும் கோபத்துக்கும் அப்படி ஒன்றை வைக்கவில்லை. அதை நாமே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.

மாத்திரை வாங்க பாண்டிலட்சுமி கீழே போயிருந்தபோது செந்தூர்பாண்டிக்கு மறுபடியும் குமட்டியது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ துணைக்கு வந்திருந்த காரியாபட்டிப் பெண் ஒருத்தி ஓடிவந்து வாளியை எடுத்து நீட்டினாள். ஒரு கையால் அவருடைய நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.

"எடுத்துருங்கண்ணே. வெக்கப்படாதீக. உள்ள வச்சிருந்தாத்தான் கஷ்டம்."

முடிந்ததும் துண்டை நனைத்து அவர் வாயைத் துடைத்துவிட்டு, வாளியைக் கழுவி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை. அவருக்கு என்ன நோய் என்றும் கேட்கவில்லை. செந்தூர்பாண்டி அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். தனக்கு நோய் என்று தெரிந்தால் மனிதர்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்றுதான் அவர் இத்தனை காலமும் எண்ணியிருந்தார்.

மறுநாள் வீட்டுக்கு வருவதற்குள் பேச்சு அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கறி கெட்டுப்போயிருந்தது என்று ஒருவர் சொன்னார். பெண்ணை வேறு இடத்தில் கொடுக்க மனசு மாறிவிட்டது, அதற்காக ஆடிய நாடகம் என்று இன்னொருவர் சொன்னார். அதிகமாகச் சுற்றியது பஞ்சம்மாளின் பேச்சுதான். மருந்து வைத்ததாகச் சந்தேகப்பட்டு வாந்தி எடுத்தார் என்று அவள் பந்தியில் கேலியாகச் சொன்னது, சிவகாசி வரும்போது செந்தூர்பாண்டியே சொன்னதாக மாறிவிட்டது.

மாலையில் தனுஷ்கோடி போன் செய்தார்.

"என் பெஞ்சாதி ஆளுக்கு மருந்து வைக்கிறவன்னு சொன்னீகளாம்."

"ஐயோ மச்சான், நான் அப்படி ஒரு வார்த்தை..."

"மச்சான்னு கூப்பிடாதீக. அவ ரெண்டு நாளா அடுப்படிக்குள்ள போகல. வேலைக்காரி வச்ச ரசத்தக் குடிச்சிட்டு நான் கம்பெனிக்குப் போறேன். எங்க சோறு உங்களுக்குச் சேராது. சேராத எடத்துல சம்பந்தம் எதுக்கு? வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புறேன். பூ வச்சப்ப நீங்க குடுத்த மோதிரம், துணிமணி எல்லாம் வந்துரும். நாங்க வச்ச பட்டுச்சேலையையும் திருப்பி அனுப்பிருங்க."

"ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க."

"வெயில்ல வந்ததுதான? கேட்டாச்சு."

போனை வைத்துவிட்டார்.

அறை வாசலில் பிரீத்திகா நின்றிருந்தாள். மதுரையில் படித்துவிட்டு வந்து அச்சகத்தில் டிசைன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண். அப்பாவிடம் உரக்கப் பேசி வளர்ந்தவள் இல்லை. அன்று பேசினாள்.

"நீங்க ஏன்பா சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? சர்க்கரைன்னு சொன்னா அதுக்கு ஒரு கதை கட்டுவாக. சீக்காளி வீட்டுப் பொண்ணும்பாக."

"இப்ப மட்டும் என்ன சொல்றாக? சோலையம்மா அத்தை மருந்து வச்சாகன்னு நீங்க சொன்னதாச் சொல்றாக. அவுக எனக்குத் தினம் போன் பண்ணி, சாப்பிட்டியா ஆத்தான்னு கேக்குறவுக. உங்க வியாதிய மறைக்கிறதுக்கு என் கல்யாணத்தக் குடுத்துட்டீக. அதோட விட்டீகளா? அவுக பேரையும் சேத்துக் குடுத்துட்டீக."

"ஏட்டி, அப்பாகிட்ட இப்படியா பேசுறது?" என்று பாண்டிலட்சுமி அதட்டினாள்.

"நீயும்தாம்மா. எல்லாரும் சேந்துதான் மறைச்சோம்."

பாண்டிலட்சுமி தன் அண்ணனைக் கூப்பிட்டு யோசனை கேட்டாள். உணவு ஒவ்வாமை என்று ஒரு சீட்டு வாங்கிக் காட்டிவிடலாம் என்று அவர் சொன்னார். காய்ச்சல் என்று சொல்லலாம் என்று அவளே ஒன்றைச் சொன்னாள். ஒரு பொய்க்கு அண்டை கொடுக்க இன்னொரு பொய். செந்தூர்பாண்டி கஞ்சித் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடிப்பதற்குக் கால் மணி நேரம் ஆனது.

"நான் சாத்தூர் போறேன்," என்றார்.

"போயி?"

"உள்ளதச் சொல்லிட்டு வாறேன்."

"சொன்னா மட்டும் சேத்துக்குவாகளா?"

"சேத்துக்க மாட்டாக. அந்தப் பொம்பள அடுப்படிக்காவது போவா."

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அவர் கிளம்பினார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நண்பகலில் தனுஷ்கோடி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனார். செல்வக்குமாரைத் தெருவிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே நுழைந்தார்.

கூடத்தில் தனுஷ்கோடி இருந்தார். பஞ்சம்மாளும் இருந்தாள். மணிகண்டராஜ் செந்தூர்பாண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"வாங்கன்னு சொல்லமாட்டேன்," என்றார் தனுஷ்கோடி. "வந்துட்டீக. சொல்றதச் சொல்லிட்டுப் போங்க. யாரும் தண்ணி கொண்டாற வேண்டாம். நம்ம வீட்டுத் தண்ணியும் இவருக்குச் சேராது."

கடைசி வார்த்தையை அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னார். கதவு ஓரத்தில் சோலையம்மாளின் சேலை தெரிந்தது.

செந்தூர்பாண்டி நின்றுகொண்டே பேசினார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு. வாரத்துக்கு ஒரு ஊசி போடுறேன். கூட இன்னொண்ணு சேத்துப் போட்டுட்டேன். அதான் அன்னைக்கு வாந்தி வந்துச்சு. உங்க சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல."

"இது புதுக் கதையா இருக்கே," என்றாள் பஞ்சம்மாள். "வெயில் போயி, ஊசி வந்துருச்சு. நாளைக்கு என்ன வரும்?"

"எத்தன வருசமா இருக்கு?" என்று கேட்டார் தனுஷ்கோடி.

"பத்து வருசத்துக்கு மேல."

"பேச்சு எடுத்தப்ப, உடம்புக்கு ஏதும் உண்டான்னு இவ உங்ககிட்டக் கேட்டாளா இல்லையா?"

"கேட்டாக."

"என்ன சொன்னீக?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"கல்லத் தின்னாலும் செரிக்கும்னீக."

"ஆமா."

"அப்ப வாந்தி எடுத்தது குத்தம் இல்ல. மறைச்சதுதான் குத்தம்." தனுஷ்கோடியின் குரல் உயர்ந்தது. "நான் என்னமோ சோறு பிடிக்காமப் போயிட்டீகன்னு நெனச்சேன். அதுகூடப் பரவாயில்ல. ஆரம்பத்துல இருந்தே ஏமாத்தியிருக்கீக. உடம்ப மறைச்சவரு இன்னும் எத மறைச்சிருக்கீகன்னு நான் எப்படிக் கண்டேன்?"

உண்மையைச் சொல்லிவிட்டால் கோபம் தணிந்துவிடும் என்று செந்தூர்பாண்டி ஓர் ஓரத்தில் நம்பிக்கொண்டுதான் வந்திருந்தார். அது கூடிவிட்டது.

"நீங்க கோவப்படுறது சரிதான்," என்றார். "வேற எதையும் மறைக்கல. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எம்மேல உள்ள கோவத்த எம் பிள்ள மேல போட்டுராதீக. அவ கேட்ட கேள்விக்கு அப்புறம்தான் எனக்கே புத்தி வந்துச்சு."

"போதும். கெளம்புங்க."

அவர் திரும்பினார். இரண்டு எட்டு வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான்கு நாளாகக் கஞ்சித் தண்ணீரில் இருக்கிற உடம்பு. தூணைப் பிடித்துக்கொண்டார். மணிகண்டராஜ் ஓடிவந்து தோளைத் தாங்கி, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தான். அப்பாவை அவன் இந்தத் தடவை பார்க்கவில்லை.

"நடிப்பு," என்றாள் பஞ்சம்மாள்.

அப்போது சோலையம்மாள் வெளியே வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். ரெண்டு ஊசி எதுக்குப் போட்டீக?"

செந்தூர்பாண்டிக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. டாக்டர் திட்டியதும் மனைவி சிரித்ததும் நினைவுக்கு வந்தன.

"எல்லாத்தையும் சாப்பிடணும்னுதான் தங்கச்சி."

"புரியல."

"நீங்க இனிப்பு வைப்பீக. கறி வைப்பீக. எனக்கு அதெல்லாம் ஆகாது. ஆகாதுன்னு சொல்ல வெக்கம். மொத மொத உங்க வீட்டுல கை நனைக்கிறேன், இலையில ஒண்ணும் மிச்சம் வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன். கூட ஒரு ஊசி போட்டுக்கிட்டா எம்புட்டு வேணும்னாலும் சாப்பிடலாம்னு நானா ஒரு கணக்குப் போட்டேன். அந்த ஊசி போட்டா ஒரு வாய் கூட எறங்காதுன்னு எனக்குத் தெரியல."

மணிகண்டராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

சோலையம்மாள் உள்ளே போனாள். நான்கு நாளாக அவள் கால் வைக்காத அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"சோலை, ஒண்ணும் கொண்டாறாதேன்னு சொல்லியிருக்கேன்," என்றார் தனுஷ்கோடி.

"கேட்டுச்சு," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவள் ஒரு டம்ளரோடு வந்தாள். உப்புப் போட்ட மோர். டம்ளரில் பாதிதான் இருந்தது. செந்தூர்பாண்டியின் கையில் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஆக்கிப் போடுறேன். உப்புக் குறையும்பீக, காரம் கூடும்பீக. என் சமையல மிச்சம் வைக்காமச் சாப்பிடணும்னு ஒரு மனுசன் கூடுதலா ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்காரு. அவருக்கு அறிவு இல்ல, அது வேற. அவரத் தண்ணி குடுக்காம அனுப்பச் சொல்றீக."

"அவரு பொய் சொன்னாருடி."

"சொன்னாரு. எனக்கும் கோவம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். மோரக் குடிக்கட்டும்."

"ஆக்கிப் போட்ட உன்னைய மருந்து வைக்கிறவன்னு சொன்ன ஆளுக்கு..." என்று ஆரம்பித்தாள் பஞ்சம்மாள்.

"மதினி, அவரு சொல்லல. நீங்கதான் சொன்னீக. பந்தியில நான் கரண்டியோட நிக்கும்போது சொன்னீக."

பஞ்சம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. சோலையம்மாள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

செந்தூர்பாண்டி மோரை ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்தில் அன்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தனுஷ்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் மோர் உள்ளே தங்கியது. பாதிக்கும் மேல் குடித்துவிட்டு டம்ளரைத் தாழ்த்தினார்.

"போதும் தங்கச்சி."

அந்தப் பக்கத்து வீடுகளில் போதும் என்று சொன்னால், என்ன போதும், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவார்கள். ஊற்றாவிட்டால் மரியாதை இல்லை. சோலையம்மாள் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"சரிண்ணே," என்றாள். அவ்வளவுதான்.

செந்தூர்பாண்டியின் கண் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணத்தப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லல," என்றார் தனுஷ்கோடி.

"நீங்க சொல்ல வேண்டாம்," என்றாள் சோலையம்மாள். "தம்பி, நீ சொல்லு. உனக்கு அந்தப் பிள்ள வேணுமா, வேண்டாமா?"

"வேணும்மா," என்றான் மணிகண்டராஜ். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"அப்ப நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்." அவள் புருஷனிடம் திரும்பினாள். "நீங்க கோவமா இருங்க. யாரும் வேண்டாங்கல. பத்திரிகை அடிக்கிறதுக்குள்ள தீந்தாச் சரி. தீரலன்னா கோவத்தோடயே மேடையில வந்து நில்லுங்க. போட்டோவுல நீங்க எப்பவும் அப்படித்தான இருக்கீக."

"நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்," என்று எழுந்தாள் பஞ்சம்மாள்.

"வாங்க மதினி. உங்களுக்குத்தான் மொதச் சேலை எடுக்கணும்."

"எனக்கு ஒருத்தர் சேலையும் வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே பஞ்சம்மாள் உள்ளே போனாள். தெருவுக்குப் போகவில்லை, உள்ளேதான் போனாள்.

செந்தூர்பாண்டி நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். தனுஷ்கோடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தனுஷ்கோடி கும்பிடவில்லை. தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சநேரம் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏலே மணி," என்றார் மகனிடம்.

"என்னப்பா?"

"அவுக காரு உச்சி வெயில்ல நிக்குது பாரு. நிழல்ல நிக்கிற நம்ம கம்பெனி வண்டிய எடுத்துட்டு, அங்கன அவுக காரப் போடச் சொல்லு. கொதிக்கிற சீட்டுல உக்காந்து போயி வழியில திரும்ப வாந்தி எடுத்தாருன்னு வையி, அதுக்கும் நம்ம வீட்டத்தான் சொல்லுவாக. காரு சூடு ஆறுற வரைக்கும் அவர இங்கனயே உக்காரச் சொல்லு."